பாப்பா எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும்?

போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க நான் எங்கள் காரின் பின் சீட்டில் குப்புறக் கிடந்தேன்.

வலது கை முழங்கை வரை சீட் இடுக்குக்குள். முகம் குஷனில். கால் இரண்டும் கதவுக்கு வெளியே. தெருவோடு போன ஒரு அம்மா நின்று, "ஏன் டீச்சர், மயக்கமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மயக்கம் இல்லை. பக்கிள் தேடிக்கொண்டிருந்தேன். சீட் பெல்ட்டை இழுத்து 'டக்' என்று செருகுவோமே, அந்தப் பக்கிள்!

கையில் அகப்பட்டவை: ஒரு ஹேர்பின், காய்ந்துபோன கச்சான் கடலைக் கோது, என் கணவர் அருளின் சட்டைப் பொத்தான், எப்போதோ தொலைந்த ஒரு செபமாலையின் பாதி. பக்கிள் மட்டும் இல்லை.

பின் சீட்டில் பெல்ட் இருக்கிறது. அதன் நுனியில் செருகுகிற தகடும் இருக்கிறது. செருகத்தான் இடமில்லை! அருளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இந்த மொடல்ல பின்னால பக்கிள் வராது" என்றார், காரைத் துடைத்துக்கொண்டே.

"பக்கிள் வராத காருக்கு பெல்ட் எதுக்குங்க வருது?"

துணியை ஒரு தரம் உதறினார்.

"அழகுக்கு."

இது எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷ ஆரம்பத்தில் சில வாரங்கள் நான் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இருந்து காணாமல் போனேனே... உடம்புக்கு என்ன என்று பலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பா பிறந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கண்டியில் ஏறாத டாக்டர் படி இல்லை என்று ஆன பிறகு, உறவுக்காரர்கள் கேட்பதையே விட்டுவிட்ட பிறகு, ஒரு நாள் வந்து பிறந்தாள். அதனால் அவள் தும்மினாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இதை மறைத்து என்ன செய்ய?

அவளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. எங்கே? மாத்தளையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில் இருக்க, அருள் பிறந்த தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில்தான் வேண்டுமாம். அது இரத்தோட்டையும் தாண்டி, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் மேலே ஏறிப் போக வேண்டும். வளைவுக்கு வளைவு. மழை இல்லாத நாளிலும் மூடுபனி. எதிரே சுற்றுலா வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு இறங்கும்.

குழந்தைக்கு ஒரு கார் சீட் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் நின்றேன். "மடியில வச்சுக்கிட்டா போச்சு" என்றார் அருள். நாங்கள் எல்லாம் மடியில் வளர்ந்தவர்கள்தானே! ஆனாலும் வாங்கப் போனோம்.

கண்டியில் ஒரு கடை. சுவர் முழுக்க சீட். நீலம், சிவப்பு, கரடிக்குட்டி படம் போட்டது, தொட்டில் மாதிரிப் பிடி வைத்தது. எதை எடுப்பது?

"இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "ஒக்கோம எகய் மிஸ்" என்றான். எல்லாம் ஒன்றுதானாம்.

"நாலு மாசக் குழந்தைக்குச் சரிவருமா?"

எல்லா வயதுக்கும் சரிவரும்.

"எங்க காருக்கு?"

எல்லாக் காருக்கும்.

"முன்னால பார்த்து வைக்கிறதா, பின்னால பார்த்து வைக்கிறதா?"

அது மிஸ்ஸுடைய விருப்பம்!

எனக்கு ஒரு சந்தேகம் வாசகர்களே. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற சாமான், நம் வீட்டுக்கு வந்ததும் மட்டும் ஏன் எதற்கும் பொருந்த மாட்டேன் என்கிறது?

கடைசியில் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சீட்டில் மட்டும்தான் படம் எனக்கு விளங்கியது. சின்னக் குழந்தை, வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டி, பின் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அப்படி வைக்கும்போது பெல்ட் போக வேண்டிய வழியெல்லாம் நீலத்தில் குறி. அதையே எடுத்தோம். விளங்கின படத்துக்காக ஒரு சாமானை வாங்கியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து போனில் ஒரு வீடியோ பார்த்தோம். அது ஒன்று சொன்னது. இன்னொன்று பார்த்தோம். அது வேறொன்று சொன்னது. மூன்றாவது வீடியோவில் வந்தவரிடம் எங்கள் கார் இல்லை, நான்காவதில் வந்தவரிடம் எங்கள் சீட் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை — சின்னக் குழந்தை பின்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும். குழந்தைக்குத் தலை பாரம், கழுத்துக்குப் பலம் கிடையாது. வண்டி சடாரென நின்றால், முன்னால் பார்த்திருக்கிற குழந்தையின் தலை முன்னுக்கு வீசும். பின்னால் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே ஏந்திக்கொள்ளும்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அருளுக்கு நன்றாகவே இறங்கியது.

"சரி. முன் சீட்டுல வச்சிருவோம். நான் ஓட்டுறப்போ பார்த்துக்கலாம்" என்றார்.

எங்கள் கார் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. முன் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கிற தட்டு இருக்குமே... அதில் ஒரு ஸ்டிக்கர். அதன்மேல் இன்னும் பொலித்தீன். அருள் பொலித்தீனைக் கழற்ற விடமாட்டார், கார் புதுசாக இருக்க வேண்டுமாம்! பொலித்தீனுக்கு ஊடாகவே பார்த்தேன். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஒரு வரி புரியவில்லை. ஆனால் குழந்தை சீட் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தால், அது எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான். முன்னால் உள்ள ஏர்பேக் வெடித்தால் நேரே சீட்டின் முதுகில்தான் அடிக்குமாம்.

எனவே பின் சீட். எனவே பக்கிள். எனவே நான் குப்புறக் கிடந்தேன்.

இடுக்குக்குள் கையை விட்டுத் துழாவியதில், கவருக்கு அடியில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தேன். சதுரமாக இருந்தது. அந்தப் பக்கமும் ஒன்று. பக்கிள்கள் இருந்தன! உயிரோடு, கவருக்குள்.

நம் ஊரில் கார் வாங்கினால் முதல் வேலை கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிப்பது. இரண்டாவது வேலை குஷன் கடை. கம்பனிக்காரன் பார்த்துப் பார்த்துச் செய்த சீட்டை யாரும் பார்க்கவே கூடாது என்று அதன்மேல் கவர் தைத்துப் போடுகிறோம். எங்களுடையது குங்குமக் கலர். ஓரத்தில் கிரீம் கலர் பட்டி. அருள் அதைத் தடவிப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்ததில்லை. அந்தக் கவரைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துத் தைக்கும்போது, நீட்டிக்கொண்டிருந்த பக்கிள்களை உள்ளே அமுக்கிவிட்டுத் தைத்திருக்கிறார்கள்.

குஷன் கடைக்கே காரைக் கொண்டுபோனோம்.

"ஏன் பாஸ், பக்கிளை உள்ளுக்குப் போட்டுத் தைச்சீங்க?"

தையல் வேலைக்கார பாஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் மிஸ் தைக்கிறேன். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா உட்கார்றவங்களுக்குக் குத்துதுன்னு ஏசுவாங்க. பக்கிள் எங்கன்னு தேடிக்கிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரல. இப்ப எதுக்கு அது?"

பாப்பாவின் சீட்டைக் கட்ட என்றேன். "கயிறு போட்டா பத்தாதா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

கவரில் ஒரு வாய் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் வெட்டச் சொன்னேன். அருளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

"ஒரு பக்கம் போதும் பாஸ்" என்றார். "பாப்பா ஒண்ணுதானே!"

நானும் விட்டுவிட்டேன். ஒரு பக்கிள் கிடைத்ததே பெரிய விஷயம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு சீட்டைப் பூட்டுகிற கதை. நீலக் குறி வழியாக பெல்ட்டை விட்டோம். இழுத்தோம். 'டக்' என்றது. கட்டிப்பிடித்துக் கொண்டாடாத குறைதான். பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்... சீட் மொத்தமாகத் திரும்பி என்னைப் பார்த்தது! ஒரு விரல் அகலத்துக்கு மேல் அசையக் கூடாது என்று சீட்டோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. மறுபடியும் கழற்றி, மறுபடியும் விட்டு, அருள் சீட்டுக்குள் முழங்காலை ஊன்றித் தன் பாரம் முழுவதையும் போட்டு அமுக்க, நான் பெல்ட்டை இழுக்க, இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்ற, இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ள... ஒருவழியாக அசைவது நின்றது. அன்றைக்கா, மறுநாளா என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒரு பூசணிக்காயைக் கட்டிப் பார்த்தோம். பிறகுதான் பாப்பா. தோள் வார் அவள் தோளுக்கு மேலே இருந்து வர வேண்டுமா, கீழே இருந்தா? பின்னால் பார்க்கும் குழந்தைக்குத் தோள் மட்டத்தில், இல்லாவிட்டால் கொஞ்சம் கீழே. இதை நான் எத்தனை தடவை வாசித்தாலும் மறுநிமிஷம் தலைகீழாகிவிடும். கடைசியில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த குழப்பம் உடுப்பு. ஞானஸ்நானத்துக்கு வெள்ளை சாட்டின் கவுன், பாதம் தாண்டித் தொங்குகிற லேஸ். சீட்டின் வாரோ குழந்தையின் கால் இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். கவுனைச் சுருட்டினால் வயிற்றில் ஒரு மூட்டை. வார் இறுகாது. கவுனைப் பையில் வைத்துக்கொண்டு, கோயிலில் மாற்றுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பதைவிட, வேறு வழி தெரியவில்லை.

ஞாயிறு காலை, முதல் பஸ்ஸில் பிலோமினா அண்ணி வந்து இறங்கினார்.

அருளின் மூத்த அக்கா. அம்மா சின்ன வயதிலேயே தவறிப்போக, அருளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். இப்போது பாப்பாவுக்கு ஞானத்தாய். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. வீட்டுப்படி இறங்கியதில் இருந்து கோயில் வாசல் வரை, குழந்தை ஞானத்தாயின் கையில்தான் போக வேண்டும். பெற்றவள்கூடத் தூக்கக் கூடாது. அண்ணி இதற்கென்றே புதுச் சேலை கட்டி வந்திருந்தார். பாப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு வந்தவர், பின் கதவைத் திறந்ததும் நின்றார்.

"என்ன இது?"

சொன்னேன்.

"புள்ளைய இதுக்குள்ள கட்டிப் போடப் போறீங்களா? அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"அண்ணி, வளைவான ரோட்டு. அதான்..."

"எனக்குத் தெரியாத ரோட்டா ஏம்மா? இவனுக்குக் காய்ச்சல் வந்து கண்ணு சொருகுனப்போ இந்தக் கையாலதான் தூக்கிக்கிட்டு லயத்து வீட்டுலருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். இந்தக் கையை விடவா அந்த பிளாஸ்டிக்கு?" என்று கேட்டார். "அதுவும் பின்னுக்குப் பார்த்துக்கிட்டு! நல்ல காரியத்துக்குப் போற புள்ள வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கிட்டே போறதா?"

வீடியோவைக் காட்டவா? பல வருஷம் எனக்காக மெழுகுவர்த்தி கொளுத்தியவர் அவர். பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதவர். எனக்கே எது சரி என்று தெரியாமல் போனது. ஒரு நாள்தானே... அருள் மெதுவாகத்தானே ஓட்டுவார்... உண்மையைச் சொல்கிறேன், நான் அண்ணி பக்கம் சாய்ந்துவிட்டேன்.

காப்பாற்றியது அருள். காரணத்தைக் கேளுங்கள்.

"அக்கா, அந்த சீட்டை இனிக் கழட்ட முடியாது. கழட்டினா திருப்பிப் பூட்ட எனக்குத் தெரியாது. காலி சீட்டைப் பக்கத்துல கட்டி வச்சுக்கிட்டு புள்ளைய மடியில வச்சுக்கிட்டுப் போனா, பார்க்கிறவன் சிரிப்பான். வீட்டுப்படியிலருந்து கார் வரைக்கும் நீ தூக்கிட்ட. கோயில் கேட்டுலருந்து உள்ளுக்கு நீதான் தூக்கிட்டுப் போகப் போற. நடுவுல மட்டும் சீட்டு. பக்கத்துலயே உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்க."

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாப்பாவைத் தந்தார். உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து வாரைப் பூட்டினேன். இறுக்கம் போதுமா என்று, தோளில் வார் விரலுக்குள் கிள்ள வருகிறதா பார்த்தேன். வரவில்லை. நான் முன்னால் ஏறிக்கொண்டேன். அண்ணி பாப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

இரத்தோட்டை தாண்டி ஏறத் தொடங்கியதும் பனி இறங்கியது. அருள் லைட்டைப் போட்டார். மெதுவாகத்தான் போனார். ஒரு வளைவில், எதிரே வந்த பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு வேன் எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது.

அருள் பிரேக்கை மிதித்தார்.

என் பெல்ட் நெஞ்சை அறுத்தது. பின்னால் தடால் என்று ஒரு சத்தம். வேன் எப்படியோ வளைந்து, ஹோர்ன் அடித்துக்கொண்டே போய்விட்டது. கார் மண் திட்டோடு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். சீட்டின் முதுகுதான் தெரிந்தது. பின்னால் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் முகம் முன் சீட்டில் இருந்து தெரியாது வாசகர்களே! இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. என் பெல்ட்டைக் கழற்ற வரவில்லை.

"அண்ணி... பாப்பா?"

கழுத்தை இன்னும் திருப்பினேன்.

"அண்ணி!"

அண்ணி சீட்டில் இருந்து சரிந்து, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே முழங்காலில் கிடந்தார். நெற்றியில் சிவப்பாக ஒரு வீக்கம். மெல்ல எட்டி சீட்டுக்குள் பார்த்தார்.

"தூங்குது" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அருள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

அண்ணி எழும்பவில்லை. அருள் உட்காரும் சீட்டின் தலைப்பகுதியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு விரலாக விடுவித்துக் கைகளை மடியில் வைத்தார்.

"ரெண்டு கையும் இங்கதான் வந்து பிடிச்சிருக்கு" என்றார் மெதுவாக. "நான் நினைக்கவே இல்ல புள்ள. தானாப் போயிருச்சு. சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்... எப்ப விட்டேன்னே தெரியல. மடியில இருந்திருந்தா..."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்பு குறைந்த கை அல்ல அது. அருளைத் தூக்கி ஓடிய அதே கைதான். ஆனால் விழுகிற நேரத்தில் கை யாரையும் கேட்பதில்லை. அது தன் ஆளைத்தான் பிடிக்கப் போகிறது. என் கையும் அப்படித்தான் போயிருக்கும். எங்கள் அறிவாலா பாப்பா தப்பினாள்? சீட்டைத் திருப்பிப் பூட்டத் தெரியாத புருஷன் எனக்கு வாய்த்ததால் தப்பினாள். இதை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது.

கோயில் கேட்டில் வாரைக் கழற்றி, கவுன் மாற்றி, பாப்பாவை அண்ணியின் கையில் கொடுத்தேன். வாங்கும்போது கொஞ்சம் தயங்கினார். "பயமா இருக்கும்மா" என்றார். "நடக்கிற தூரம்தானே அண்ணி" என்றேன். நெற்றி வீக்கத்தோடு, நிமிர்ந்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து உள்ளே தூக்கிப் போனார். தண்ணீர் ஊற்றும்போது பாப்பா போட்ட கத்தலில் ஃபாதர் பயந்துபோய் ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார்.

விருந்து தோட்டத்து மண்டபத்தில். ரோல்ஸ் வந்தது, கூல் டிரிங்க்ஸ் வந்தது, மேசையில் கேக் வந்தது. எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள். அருளைக் காணவில்லை. அண்ணியைக் காணவில்லை. கேக் பக்கத்தில் வைத்த ரிப்பன் கட்டின கத்தியையும் காணவில்லை.

தேடிக்கொண்டு வெளியே போனேன். காரின் பின் கதவு திறந்து கிடந்தது. அண்ணி குனிந்து, தான் உட்கார்ந்து வந்த பக்கத்தில் கவரை விரலால் அழுத்தி அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். "இங்கதான்டா கட்டியா இருக்கு. இந்தா, இங்க. திரும்பிப் போறப்போ எனக்கும் பூட்டணும்."

குங்குமக் கலர் கவர், கிரீம் கலர் பட்டி. ரிப்பன் கத்தியைக் கையில் வைத்திருந்த அருள் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார்.

அன்றைய விருந்தில் முதலில் வெட்டப்பட்டது கேக் அல்ல.